சத்தம் வராத மீட்டர்

ஏரிக்கரை முகாமிலிருந்து திரும்புகிற வழியில் என் மனைவியை அவளுடைய அக்கா வீட்டில் இறக்கிவிட வேண்டும் என்று ஏற்பாடு. நாலு நாள் இருந்துவிட்டு வருவதற்கு இல்லை. அங்கேயே இருப்பதற்கு.

இதை அவள் சண்டை போட்டுச் சொல்லியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். பதிலுக்கு நாலு கத்து கத்தியிருப்பேன். அவளோ துணி மடித்துக்கொண்டே, சமையல் எரிவாயு தீர்ந்துபோனதைச் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்ன இது, திடீர்னு?" என்றேன்.

கையிலிருந்த சட்டையை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"திடீர்னா? போன தடவை ஏரிக்கரையிலேயே உங்ககிட்ட கேட்டாச்சு. நான் அக்கா வீட்டோட போய் இருந்துடட்டுமான்னு கேட்டேன். சரின்னு சொன்னீங்க."

"நானா சொன்னேன்?"

"வேற யாரு? டிவி கேபிளைச் சுத்திக்கிட்டே, நிமிர்ந்துகூடப் பாக்காம, சரிம்மான்னு சொன்னீங்க. ஒரு நிமிஷம் யோசிக்கணும்னுகூட உங்களுக்குத் தோணல. இந்தத் தடவைக்கு முகாம்ல ஏற்கெனவே இடம் எடுத்து வச்சாச்சு, அதை ஏன் விடணும். போய்ட்டு வந்துடலாம். வரும்போது என்னை அங்க விட்டுடுங்க."

நான் அப்படிச் சொல்லவே இல்லை. கேபிள் சுற்றியது ஞாபகம் இருக்கிறது. அவள் எங்கள் வேன் வாசலில் கையில் தட்டோடு நின்றது ஞாபகம் இருக்கிறது. இப்படி ஒரு கேள்வி மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அவள் பொய் சொல்கிற ஆள் இல்லை. நானும் இல்லை. அதனால் மனசுக்குள் கேட்டதை வாய்விட்டுக் கேட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

கொஞ்ச காலமாகவே அவள் பேச்சு அப்படித்தான் ஆகிவிட்டிருந்தது. பாதி வாய்க்குள்ளே, பாதி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கல்யாணமான புதிதில் மூன்று வீட்டுக்குக் கேட்கிற குரல் அவளுக்கு. இப்போது வெறும் முனகல். என்னிடம் குரலை எடுத்துப் பேசக்கூட அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். நினைத்து நினைத்து நானும் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தேன். அவள் மட்டும் என்ன, எனக்கும்தான் ரோஷம் இருக்கிறது.

நான் மரப் பட்டறையில் வட்ட ரம்பம் ஓட்டுகிறவன். இருபத்தாறு வருஷமாக அதே ரம்பம், அதே மூலை. அங்கே எனக்கு 'ரம்பம்' என்றுதான் பேர். வேலையால் வந்ததா, நான் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை என்பதால் வந்ததா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, ஒரு பழைய சரக்கு வேனை வாங்கி, உள்ளே கட்டில், அலமாரி, மடக்கு மேஜை எல்லாம் நானே அடித்தேன். அதிலிருந்து வருஷத்துக்கு இரண்டு முறை கிளம்பிவிடுவோம். பெரும்பாலும் அந்த ஏரிக்கரைதான்.

அங்கே போனுக்கு சிக்னல் கிடையாது. சாயங்காலம் அவளுக்கு ஒரு தொடர் பார்க்க வேண்டும், எனக்குச் செய்தி பார்க்க வேண்டும். அதற்காகச் சின்னதாக ஒரு டிஷ்ஷும் மூன்று கால் ஸ்டாண்டும் வைத்திருக்கிறோம். போகிற இடத்தில் எல்லாம் டிஷ்ஷைச் சாட்டிலைட்டுக்கு நேராகப் புதிதாகத் திருப்ப வேண்டும். ஒரு விரற்கடை தப்பினாலும் படம் வராது. எங்கள் முறை என்னவென்றால், நான் வெளியே டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் வண்டிக்குள் டிவி முன்னால் உட்கார்ந்து குரல் கொடுப்பாள். "இன்னும் கொஞ்சம்... இன்னும்... வருது வருது... நில்லுங்க... போச்சு, திரும்ப வாங்க." ஏழு வருஷமாக இப்படித்தான். பக்கத்துக் கூடாரக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள். கால் மணி நேரத்தில் படம் நின்றுவிடும். படம் நின்றதும் அவள் எட்டிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பாள். எனக்கு முகாம் தொடங்குவது அந்தச் சிரிப்பில்தான்.

போன முறை இரண்டு மணி நேரம் ஆகியும் படம் நிற்கவில்லை. 'வருது' என்று அவள் சொல்லவே இல்லை என்று நான் சொன்னேன். தொண்டை கிழியக் கத்தினேன் என்று அவள் சொன்னாள். "வாயைத் திறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா?" என்று நான் கேட்டது நிஜம். டிவியை அணைத்துவிட்டு அவள் வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு நாளும் நாங்கள் டிவி பார்க்கவில்லை, பேசவும் இல்லை. கிளம்புகிற அன்று கேபிள் சுற்றும்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டதாக அவள் சொல்கிறாள்.

ஆக, எல்லாவற்றுக்கும் காரணம் அந்த டிஷ் என்று எனக்குத் தோன்றியது. இந்த முறை ஐந்து நிமிஷத்தில் படம் நின்றுவிட்டால் சண்டைக்கு வழியே இல்லை. அவள் கத்தவும் வேண்டாம், நான் எரிந்து விழவும் வேண்டாம். மூன்று நாள் நிம்மதியாகப் போனால் அக்கா வீட்டுப் பேச்சு தானாக அடங்கிவிடும். ஆம்பிளை புத்தி அப்படித்தான் ஓடும். மனசு ஒடிந்துகிடந்தாலும் திருப்புளியைத் தேடும். பட்டறையில் ஒருவன் சொன்னான், சிக்னல் மீட்டர் என்று ஒன்று விற்கிறது, அதை மாட்டிவிட்டால் ஒரே ஆள் டிஷ்ஷைத் திருப்பிவிடலாம் என்று. சனிக்கிழமை காலையில் கடைக்குப் போனேன்.

கடை, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற வரிசையில் இருந்தது. கூரையிலிருந்து ரிமோட்டுகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. பழுது பார்க்கிற மேஜையில் ஒரு பெண் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். கடை அவளுடையதுதான் என்பது அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

"எங்க வைக்கறதுக்கு சார், வீட்டு மாடியிலயா?"

"இல்லம்மா. வேன்ல வெளியூர் போய்த் தங்குவோம். போற இடத்துல எல்லாம் புதுசாத் திருப்பணும்."

"அப்ப ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து பண்ணணும். நீங்க ஒருத்தரேவா, கூட ஆள் இருக்கா?"

சாதாரணக் கேள்விதான். எனக்குத்தான் எங்கேயோ போய்க் குத்தியது. "ஆள் இருக்கு, இப்போதைக்கு," என்றேன்.

அவள் ஒன்றும் கேட்காமல் ஒரு மீட்டரை எடுத்து வைத்தாள். உள்ளங்கை அகலம், முகத்தில் ஒரு ஊசி, பக்கத்தில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. டிஷ்ஷுக்கும் கேபிளுக்கும் நடுவில் அதை மாட்ட வேண்டுமாம்.

"நிறைய பேர் இதைத்தான் வாங்குவாங்க. ஊசியைப் பாத்துக்கிட்டே நிக்கணும்னு இல்ல. ரெண்டு கையும் டிஷ்ல இருக்குமில்ல, அதனால சத்தத்தை வச்சே திருப்பலாம். சிக்னல் ஏற ஏறக் கீச்சுனு கூடிக்கிட்டே போகும். எங்க உச்சத்துக்குப் போகுதோ அங்க நிறுத்திடுங்க. கண்ணை மூடிக்கிட்டுக்கூட வச்சுடலாம்."

எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. ரம்பத்தையும் நான் காதால்தான் ஓட்டுகிறேன். பல் மழுங்கினால் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன் என்று பட்டறையில் பெருமையடித்துக்கொள்வது வழக்கம். "இதுதான் நமக்குத் தோது. ஓட்டிக் காட்டும்மா," என்றேன்.

கடைக்குப் பின்னால் திறந்த முற்றத்தில், சோதித்துப் பார்ப்பதற்கென்று ஒரு டிஷ் நிறுத்தியிருந்தாள். மீட்டரை மாட்டிவிட்டு, என்னையே திருப்பச் சொன்னாள். நான் மெல்லத் திருப்பினேன். ஊசி துள்ளி ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

"ஊசி ஆடுது. சத்தம் வரலியே," என்றேன்.

அவள் திருகைத் திருப்பினாள். "இப்ப?"

"வரல."

"முழுசா வச்சிருக்கேன் சார்."

"நீ வச்சிருக்கேம்மா, அது வரணுமே."

உள்ளே போய், அதே மாதிரியில் இன்னொன்றைப் புது டப்பாவிலிருந்து பிரித்துக் கொண்டுவந்தாள். அதுவும் ஊமை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. மூன்றாவதாக விளக்கு வரிசை வைத்த ஒன்றைக் கொண்டுவந்தாள். பின்பக்கம் பெரிய ஸ்பீக்கர் இருந்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து மேலே ஏறின, சத்தம் மட்டும் இல்லை. இப்போதெல்லாம் சாமான் செய்கிறவனுக்கும் வெட்கம் இல்லை, விற்கிறவனுக்கும் வெட்கம் இல்லை, டப்பாவை மட்டும் பளபளவென்று பண்ணிவிடுகிறார்கள் என்று நான் ஆரம்பித்தேன். ரம்பம் என்று எனக்குப் பேர் வைத்தவர்கள் அன்று அங்கே இருந்திருக்க வேண்டும். அவள் குறுக்கே பேசவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது ரிமோட் வாங்க வந்த ஒரு கிழவர், கைத்தடியை ஊன்றிக்கொண்டு முற்றத்துக் கதவில் வந்து நின்றார். எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது. ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"அந்தக் கீச்சை முதல்ல நிறுத்தும்மா. தெருமுனையிலேர்ந்து கேக்குது. பல்லெல்லாம் கூசுது."

அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கேலி செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மீட்டரை எடுத்து ஸ்பீக்கரைக் காதோடு வைத்து அழுத்தினேன். விளக்குகள் சிவப்பில் நின்று துடித்தன. ஒவ்வொரு துடிப்புக்கும் கிழவரின் முகம் சுளித்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பேருந்து உறுமுவது கேட்டது, யாரோ ஷட்டரைத் தள்ளுவது கேட்டது, காதோடு ஒட்டியிருந்த அது மட்டும் கேட்கவில்லை.

கடைக்காரப் பெண் எனக்கு எதிரே வந்து நின்று, நிதானமாகச் சொன்னாள். "சத்தம் வருது சார்."

"வருது, வருது," என்றேன் அவசரமாக. "போதுமான அளவு வரலன்னு சொன்னேன். வெளியில காத்து அடிக்கும், இது எங்க கேக்கப்போகுது." என் முகத்தில் அசடு வழிந்ததை நானே உணர்ந்தேன். கிழவர் தன் ரிமோட்டைப் பார்க்கத் திரும்பிப் போனார். அவள் மட்டும் தலையசைத்து, "அதுவும் சரிதான்," என்று எனக்காக ஒத்துக்கொண்டாள்.

பிறகு அலமாரியின் மேல் தட்டிலிருந்து திரை வைத்த மீட்டர் ஒன்றை எடுத்தாள். பேட்டரியில் ஓடுவது. எந்தச் சாட்டிலைட் வேண்டும் என்று பட்டியலில் தேர்ந்தெடுத்துவிட்டால் திரையில் இரண்டு பட்டை வரும், ஒன்று பலம், ஒன்று தரம்.

"பலத்தை மட்டும் பாத்து ஏமாந்துடாதீங்க சார். பக்கத்துச் சாட்டிலைட் மேல பட்டாலும் பலம் நல்லாக் காட்டும், படம் வராது. தரம் ஏறணும். ஏறினா இந்தப் பச்சை விளக்கு எரியும். அங்க டிஷ்ஷோட திருகை முடுக்கிடுங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இதுல எல்லாமே கண்ணாலதான்," என்றாள்.

அதையே கொடுக்கச் சொன்னேன். அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தாள். அச்சு இயந்திரம் கடகடவென்று ஓடியது. அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த நான், "சரி" என்றேன்.

தட்டுவதை நிறுத்திவிட்டு அவள் திரும்பிப் பார்த்தாள். "பில் யார் பேருக்குன்னு கேட்டேன் சார்."

அவள் முகத்தில் கேலி துளிகூட இல்லை. இருந்திருந்தால் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன்.

வேனில் ஏறிச் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தச் 'சரி' என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே புரியவில்லை. யாரோ ஏதோ சொன்ன மாதிரி இருந்தது, வாய் தானாகச் சொல்லிவிட்டது. மூக்கு அரித்தால் கை போகிற மாதிரி போயிருக்கிறது. இப்படி எத்தனை நாளாக, எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்? ரம்பம் கீச்சிடுகிறது, பல்லை மாற்ற வேண்டும் என்று போன மாதம் ஒரு ஆள் சொன்னபோது, "எனக்குக் கேக்காதது உனக்குக் கேக்குதா?" என்று அவனை எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினேன். காதில் மாட்டிக்கொள்ளச் சொல்லி முதலாளி கொடுத்த அடைப்பான், பிரிக்காத பையோடு ஆணியில் தொங்குகிறது. வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் என் மனைவிதான் எழுந்து போகிறாள். நான் சோம்பேறித்தனத்தில் உட்கார்ந்திருப்பதாக அவள் நினைக்க, அவளுக்குப் பாம்புக் காது என்று நான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஏரிக்கரையில் அவள் கேட்டிருக்கிறாள். நான் சரி என்று சொல்லியிருக்கிறேன். இரண்டும் நடந்திருக்கிறது.

அன்று சாயங்காலமே சொல்லிவிட வேண்டும் என்று வீட்டுக்குப் போனேன். சொல்லவில்லை. அடுத்த நாளும் இல்லை. தெரிந்தால் பட்டறையில் ரம்பத்திலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். அது பொய்க் காரணம். அவளுக்கு என் மேல் வெறுப்பு, அதனால்தான் முனகுகிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தவரை நான் பாதிக்கப்பட்டவன். அவள் எப்போதும்போலப் பேசிக்கொண்டுதான் இருந்தாள் என்றால் கணக்கு அப்படியே புரண்டுவிடும். அதற்குத்தான் பயந்தேன். இன்னும் ஒரு பக்கம், மீட்டர் வேலை செய்துவிட்டால் எதையுமே சொல்லாமல் தப்பித்துவிடலாம் என்கிற நப்பாசையும் இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வழக்கமான பை அவள் கால்மாட்டில் இருந்தது. அக்கா வீட்டுக்கான பெரிய பெட்டி, நான் அடித்த அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவில், ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் முழங்காலில் இடிக்கிற மாதிரி நின்றது. வழி முழுக்க அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இரண்டு மூன்று முறை ஏதோ சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். சரி என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது என்பதிலேயே கவனமாக இருந்தேன். கடைசியில் அவளும் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

எங்களுக்குக் கொடுத்த இடம் தண்ணீரிலிருந்து முப்பது அடிகூட இருக்காது. ஸ்டாண்டை விரித்து, ரசமட்டம் வைத்துச் சாய்வைச் சரி செய்தேன். டிஷ்ஷை மாட்டினேன். நான் சொல்லாமலேயே அவள் வண்டிக்குள் போய், டிவியைப் போட்டுக்கொண்டு, கதவை அகலத் திறந்து வைத்து உட்கார்ந்தாள். போன முறை அத்தனை பேச்சு வாங்கியும், மூட்டை கட்டிய பிறகும், குரல் கொடுக்கத் தயாராக உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் மீட்டரை எடுத்து மாட்டினேன்.

பட்டியலில் தேர்ந்தெடுத்தேன். மெல்லத் திருப்பினேன். பலம் ஏறியது, தரம் ஏறவில்லை. பக்கத்துச் சாட்டிலைட்டாக இருக்கும். அதைத் தாண்டி இன்னும் ஒரு மயிரிழை திருப்பினேன். இரண்டாவது பட்டையும் ஏறிப் பச்சை விளக்கு எரிந்தது. திருகை முடுக்கி, மீட்டரைக் கழற்றிவிட்டுக் கேபிளை டிஷ்ஷில் மாட்டினேன். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. "வந்துடுச்சா?" என்று கூப்பிட்டேன். வந்துவிட்டது என்று எனக்கே தெரியும்.

அவள் வெளியே வந்தாள். என் கையிலிருந்த மீட்டரைப் பார்த்தாள், கேபிளைப் பார்த்தாள், டிஷ்ஷைப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். சொல்லிவிட்டுத் தண்ணீர் பக்கம் நடந்தாள்.

சரி என்கிற சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை விழுங்குவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஓடிப்போய் அவள் முன்னால் நின்றேன்.

"என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லு. எனக்குக் கேக்கல."

"கேக்கலையா, கேக்கப் பிடிக்கலையா?" என்றாள். "என் குரலைக் கேக்கப் பிடிக்காம ஒரு மெஷினையே வாங்கிட்டீங்களேன்னு சொன்னேன். இந்த ஒரு வேலைக்குத்தான் நான் இருந்தேன். அதுக்கும் ஆள் வந்தாச்சு."

"காது கேக்கல எனக்கு," என்றேன். "நிஜமாவே கேக்கல."

கடையில் நடந்ததை முழுக்கச் சொன்னேன். மூன்று மீட்டரையும், நான் அடித்த லெக்சரையும், கிழவரையும், பல் கூசியதையும் சொன்னேன். பல் கூசியதைச் சொன்னபோது அவள் உதடு சிரிக்கப் போவதுபோல ஒரு பக்கம் இழுத்தது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தனை நாளா?"

"தெரியல. ரெண்டு வருஷம் இருக்கும்."

"ரெண்டு வருஷமா நான் யார்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன்?" என்று கேட்டாள். என்னைக் கேட்கவில்லை. பிறகு நிமிர்ந்து, "அப்ப எல்லாத்துக்கும் காதுதான் காரணமா?" என்றாள். அவள் கண்ணில் ஒரு ஆசை தெரிந்தது. ஆமாம் என்று நான் சொன்னால் நம்பிவிடுவாள். நம்புவதற்குத் தயாராகவே உட்கார்ந்திருந்தாள்.

பழியைக் காது மேல் போட இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. காது பதில் பேசாது. இப்போதும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதன் மேல் மிச்சக் காலத்தை ஓட்ட எனக்குத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான்.

"பாதிதான் காது," என்றேன். "கேக்கலன்னா என்னன்னு கேட்டிருக்கலாம். கேட்டா நீ மறுபடி சொல்லுவே, அதுக்கு நான் பதில் சொல்லணும். சரின்னு சொல்லிட்டா பேச்சு முடிஞ்சிடுது. அப்படியே பழகிட்டேன். தப்புதான். ஆனா அக்கா வீட்டுக்குப் போகட்டுமான்னு நீ கேட்டது மட்டும் என் காதுல விழுந்திருந்தா, சத்தியமா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். இப்பவும் அதையேதான் சொல்றேன். போகாதே."

அவள் எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"போகாதேன்னு சொல்றதுக்கு முன்னாடி எதுக்குப் போறேன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?" என்றாள்.

தண்ணீர் விளிம்பு வரைக்கும் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவள் பேசத் தொடங்கிவிட்டது தோள் அசைவில் தெரிந்தது. காற்று எதிர்ப் பக்கம் அடித்தது. எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. நான் அவளைச் சுற்றிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினேன். முழங்கால் வரைக்கும் தண்ணீர், காலில் ஷூ, கையில் அந்த மீட்டர். அவள் முகத்துக்கு நேராக நின்றேன்.

"முதல்லேர்ந்து சொல்லு," என்றேன்.

நனைந்த என் காலைப் பார்த்தாள். பிறகு என் கண்ணைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள்.

"போன வருஷம் எனக்கு மார்ல ஒரு கட்டி வந்துச்சு. ஊசி போட்டு எடுத்துப் பாக்கணும்னு டாக்டர் சொன்னாங்க. அடுப்பு முன்னாடி நின்னுக்கிட்டு உங்ககிட்ட சொன்னேன். பயமா இருக்கு, வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்கன்னு சொன்னேன். திரும்பிப் பாக்கத் தைரியம் இல்ல, அழுதுடுவேன்னு. சரின்னு சொன்னீங்க."

நான் தண்ணீருக்குள்ளேயே அவள் பக்கம் இன்னும் ஓர் அடி நெருங்கினேன்.

"பன்னெண்டு மணி வரைக்கும் ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னேன். அதுக்கப்புறம்தான் அக்காவுக்குப் போன் பண்ணேன். அவதான் ஓடி வந்தா. சாயங்காலம் நீங்க வேலையிலேர்ந்து வந்து, எப்பவும்போலத் தண்ணி கேட்டீங்க. ஏன் வரலைன்னு உங்களைக் கேக்க எனக்குப் பிடிக்கல."

தூரத்தில் வண்டிக்குள் டிவித் திரை மினுங்கிக்கொண்டிருந்தது. படம் தெளிவாக நின்றிருந்தது.

"கட்டி என்ன ஆச்சு?" என்றேன். குரல் வெளியே வந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சு," என்றாள். "அதையும் உங்ககிட்ட சொன்னேன்."